ஈரானியரோடு வேலை செய்யும் நம்மவர்களுக்கு

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தொழிற்சாலை, மருத்துவமனை, கணினி அலுவலகம் என்று எங்கெங்கோ ஈரானியருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்து வேலை செய்யும் தமிழ் உறவுகளுக்கு,

மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் நீங்கள் தொடங்கும் கதை எனக்குத் தெரியும். முக்கியமான குற்றச்சாட்டு இரண்டு. முதலாவது: “இவங்களுக்கு இங்கிலீஷ் வாயிலை வராது. ஸ்கூலை எஸ்கூல் எண்டுவாங்கள். மனிசியைப் பற்றிக் கதைக்கேக்கை ‘ஹி’ எண்டுவாங்கள்.” இரண்டாவது: “வாயாலைதான் வாங்கோ வாங்கோ. சரி வாறம் எண்டு சொன்னால் முகம் மாறும்.” முதலாவதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். இரண்டாவதைச் சொல்லும்போது சிரிப்பில்லை. ‘பொய்யர்’ என்ற சொல் வரைக்கும் போய்விடுகிறது. அந்தச் சொல்லுக்காகத்தான் இந்த மடல்.

புதிதாக வந்தவர்களுக்கு மாலை நேரத்தில் நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பொன்றில் நான் உதவி செய்கிறேன். யங் வீதியின் வடக்குப் பக்கம், பாரசீக எழுத்தில் பெயர்ப்பலகை போட்ட கடைகள் நெருக்கியடிக்கும் இடம். ஊரார் பகிடியாகத் ‘தெஹ்ரான்ரோ’ என்பார்கள். வகுப்புக்கு வருபவர்களில் அநேகர் ஈரானியர், கொஞ்சம் ஆப்கானியர். அவர்களுடைய ஆங்கிலத்தைக் கேட்டுக்கேட்டு எனக்குப் பட்டது இதுதான்: உச்சரிப்பும் இலக்கணமும் கேலிக்குத்தான் உதவும், அவற்றால் யாருக்கும் கெடுதி இல்லை. மனஸ்தாபம் வருவதெல்லாம் மரியாதை மொழிமாறும் இடத்தில்.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். பாரசீகச் சொல் எதுவும் இரண்டு மெய்யொலியைச் சேர்த்துக்கொண்டு தொடங்காது. ஆங்கிலச் சொல் ‘ஸ்’ஸோடு இன்னொரு மெய்யை இழுத்துவந்தால் முன்னால் ஒரு எகரம் வந்து நிற்கும்: எஸ்கூல், எஸ்ட்ரீட், எஸ்பெயின். வேறு மெய்யானால் எகரம் நடுவில் புகுந்துவிடும்: கிளாஸ் கெலாஸ் ஆகும், பிளாஸ்டிக் பெலாஸ்டிக் ஆகும். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர் வீட்டில் ஒரு பெரியம்மா ‘இஸ்கூல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையில் நம் பாடு அவர்களுடையதை விட மோசம். நமக்குச் சொல்லின் வாலிலும் கரைச்சல்: பஸ்ஸு, காரு, பாங்கு. ஈரானியருக்கு வால் ஒரு பிரச்சினையே இல்லை. தஸ்த், தர்த், செஷ்ம் என்று இரண்டு மெய்யை அடுக்கி முடிக்கும் சொற்கள் அவர்கள் மொழியில் மலிவு. அதனால் ‘லிஃப்ட்’, ‘டெஸ்க்’ எல்லாம் வெட்டியது போல வந்து விழும்.

மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்துச் சொல்லும் வகரம், உதட்டைக் குவித்துச் சொல்லும் வகரம் என்று ஆங்கிலத்தில் இரண்டு உண்டு. ஈரானியர் இரண்டையும் பல்லாலேயே சொல்வார்கள். நாமும் அப்படித்தான் கலக்கிறோம். இரண்டையும் தனித்தனியே காட்டத் தமிழில் எழுத்தே இல்லை. ஆனால் காபூலில் இருந்து வந்தவர் உதட்டைக் குவித்து அழகாகச் சொல்லுவார், ஏனென்றால் அவருடைய தரி மொழியில் அந்த ஒலி அப்படியே இருக்கிறது. தரியும் பாரசீகம்தான். ஆகவே ‘பாரசீகம் பேசுபவர் இப்படித்தான்’ என்று ஒரே வீச்சில் சொல்லிவிடவும் முடியாது. இன்னொன்று, பெயர்ச்சொல்லின் கடைசி அசையை அழுத்துவது பாரசீக வழக்கம். ‘கொம்பியூட்டர்’ என்பதில் கடைசி அசை திடீரென்று தலைதூக்குவது அதனால்தான். லிஃப்டை ‘ஆசான்சோர்’, பஸ்ஸை ‘ஒட்டோபூஸ்’, நன்றியை ‘மெர்சி’ என்பதற்கு மட்டும் பாரசீகம் பொறுப்பில்லை. பிரெஞ்சுக்காரரிடம் கடன் வாங்கித் தெஹ்ரானில் ஊறிப்போன சொற்கள் அவை.

இலக்கணத்துக்கு வந்தால், சிரிக்கிறவர்கள் வாயை மூடிக்கொள்வது நல்லது. ‘த்ரீ புக்’ என்கிறார்களாம். நாம் வீட்டில் ‘மூண்டு புத்தகம்’ என்கிறோமா, ‘மூண்டு புத்தகங்கள்’ என்கிறோமா? எண் வந்துவிட்டால் பன்மை எதற்கு என்பது இரண்டு மொழிக்கும் பொதுவான நியாயம். அடுத்தது, யாராவது கூப்பிட்டால் ஈரானியர் இருந்த இடத்திலிருந்தே ‘ஐ கேம், ஐ கேம்’ என்பார். ஆள் இன்னும் எழும்பியே இருக்கமாட்டார். பாரசீகத்தில் ‘ஊமதம்’, அதாவது ‘வந்தேன்’. நாம் குசினிக்குள் நின்றுகொண்டு ‘இந்தா வந்திட்டன்’ என்று கத்துகிறோமே, அதே இறந்தகாலம்தான். ஆங்கிலேயருக்கு இது பொய். நமக்கும் ஈரானியருக்கும் இது வாக்குறுதி. போகும்போது ‘ஓகே, ஐ வென்ட்’ என்று சொல்லிவிட்டு இன்னும் பத்து நிமிடம் கதவடியில் நின்று கதைப்பதும் இந்த வகைதான்.

‘ஹி’யும் ‘ஷி’யும் மாறுவது வேறு கதை. பாரசீகத்தில் இலக்கணப் பாலே கிடையாது. அவனுக்கும் அவளுக்கும் ‘ஊ’ என்ற ஒரே சொல். இருபது வருடம் இங்கிருந்து, நல்ல வேலையில், நல்ல ஆங்கிலத்தில் பேசுபவர்கூட களைத்த நேரத்தில் “மை மதர், ஹி இஸ் சிக்” என்று சொல்லிவிடுவார். தாயை ஆணாக்கியதற்காக நீங்கள் திருத்த வேண்டியதில்லை. தாய்க்கு என்ன வருத்தம் என்று கேளுங்கள். மதிப்புக்குரிய ஒருவரைச் சொல்லும்போது சிலர் ‘தே’ என்பார்கள்: “மை டொக்டர், தே ஆர் வெரி கைண்ட்.” எத்தனை வைத்தியர் என்று எண்ணவேண்டாம். ஒருவரைப் பன்மையாக்கி உயர்த்துவது நமக்குப் புதிதா என்ன?

வினைச்சொல்தான் எனக்குப் பிடித்த பகுதி. பாரசீகத்தில் தனி வினை குறைவு. ஒரு பெயரைப் பிடித்து அதோடு செய், அடி, இழு, சாப்பிடு என்று ஏதாவது ஒரு சில்லறை வினையை ஒட்டிவிடுவார்கள். தொலைபேசியில் அழைப்பது மணி அடிப்பது. பேசுவதுகூடப் பேச்சு அடிப்பதுதான். புகைப்பது சிகரெட் இழுப்பது. விழுவது தரையைச் சாப்பிடுவது, தடிமன் பிடிப்பது குளிரைச் சாப்பிடுவது. தண்ணீர், தேநீர், மருந்து எல்லாவற்றுக்கும் ‘சாப்பிடு’. புதிதாக வந்த ஒருவர் “டிட் யூ ஈட் யுவர் டீ?” என்று கேட்டால் யாழ்ப்பாணத்தவர் சிரிக்கலாம். ஆனால் காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டே வளர்ந்த தமிழ்நாட்டு நண்பர் சிரிக்கக்கூடாது. போன் அடிப்பதும் தம் அடிப்பதும் அரட்டை அடிப்பதும் நம்மிடம் இருக்கும்போது, அவர்கள் பேச்சு அடிப்பதில் என்ன குறை கண்டோம்?

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு இந்தப் பக்கத்தை மூடுகிறேன். “தேத்தண்ணி வேண்டாமா?” என்று எதிர்மறையில் கேட்டால், வேண்டும் என்பவர் பாரசீகத்தில் ‘செரா’ என்பார். ‘ஏன்’ என்பதற்கும் அதே சொல்தான். இந்த இடத்தில் அதற்கு ‘வேண்டும்தான்’ என்று பொருள். இப்போதுதான் ஆங்கிலம் பழகுபவர் அதை அப்படியே ‘ஒய்!’ என்று சொல்லிவிட்டால், கேட்டவர் தான் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டதாக நினைத்துக் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார். தேநீருக்கு ஆசைப்பட்டவர் வெறும் வாயோடு இருப்பார். கனடாவில் உள்ள எல்லாரும் ஈரானியரிடம் நேர்மறையாகக் கேள்வி கேட்கப் பழகிவிட்டால் நாட்டில் நிறையத் தேநீர் மிச்சப்படாது.

இனித்தான் மடலின் விஷயம்.

ஈரானியரின் நாள் முழுவதும் சின்னச்சின்ன உபசாரச் சொற்களால் நிரம்பியது. வேலை செய்கிற ஒருவரைக் கடந்துபோனால் ‘கஸ்தே நபாஷீத்’, களைக்காமல் இருங்கள். ஏதாவது செய்துகொடுத்தால் ‘தஸ்தெத் தர்த் நகோனே’, உன் கை நோகாமல் இருக்கட்டும். நீங்கள் வராத விருந்தைப் பற்றிச் சொன்னால் ‘ஜாத் காலி’, உன் இடம் காலியாக இருந்தது. (ஆம், நாம் காலிப் போத்தல், காலி வீடு என்கிற அதே காலிதான்.) இவை அவர்களுக்கு யோசித்துப் பேசும் பேச்சு அல்ல, மூச்சு. ஆங்கிலம் பேசும்போது அந்த இடங்களில் சொல்ல எதுவும் அகப்படாமல் தவிப்பார்கள். ‘ஹலோ’ என்றும் ‘குட் ஜொப்’ என்றும் சொல்லிவிட்டுப் போக மனம் வராது. சிலர் மொழிபெயர்த்துவிடுவார்கள். இரவு வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்தும்போது அடுத்த முறைக்கு வந்தவர் உங்களைப் பார்த்து “டோன்ட் பி டயர்ட்” என்று சொன்னால், அது அதட்டல் இல்லை. உங்கள் உழைப்பைக் கண்டுகொண்டேன் என்கிறார்.

ஒரே காரில் நாலைந்து பேர் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். முன் இருக்கையில் ஏறிய ஈரானியர் பட்டியைப் போடுவதற்கு முன் திரும்பி, பின்னால் இருப்பவர்களைப் பார்த்து “சொரி ஃபோர் மை பேக்” என்பார். முதுகுவலி என்று நினைத்து நம்மவர் ஒருவர் தைலம் எடுத்து நீட்டியதும் நடந்தது. முதுகைக் காட்டி உட்காருவதற்கு அவர் மன்னிப்புக் கேட்கிறார், அவ்வளவுதான். அவர்கள் ஊரில் இதற்குப் பதிலும் தயாராக இருக்கும்: பூவுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று உண்டா? அந்தப் பதிலை ஆங்கிலத்திலேயே சொல்லிப்பாருங்கள். மனிதர் வேலைத்தலம் வரைக்கும் உங்களோடு கதைத்துக்கொண்டு வருவார்.

‘பெஃபர்மாயீத்’ என்ற ஒரு சொல்லால் உள்ளே வாருங்கள், இருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் முன்னால் போங்கள், சொல்லுங்கள் கேட்கிறேன் என்று எல்லாவற்றையும் அவர்கள் சொல்லிமுடிப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் கிடைத்த சொல் ‘ப்ளீஸ்’. கையை நீட்டி, தலையைச் சாய்த்து, ‘ப்ளீஸ்!’ என்று நிற்பார். என்ன கேட்கிறார் என்று நீங்கள் குழம்புவீர்கள். அவர் எதுவும் கேட்கவில்லை, கொடுக்கிறார்.

அதிகம் பிழையாக விளங்கப்படுவது ‘ஷர்மந்தே’. வெட்கப்படுகிறேன் என்பது நேர்ப்பொருள். நன்றி சொல்லவும், மன்னிப்புக் கேட்கவும், கேட்டதைக் கொடுக்க முடியாதபோது கையை விரிக்கவும் இந்த ஒரு சொல்தான். வீட்டில் சுட்ட வடையை நீங்கள் நீட்டுகிறீர்கள்; அவர் நெஞ்சில் கைவைத்து “ஐ ஆம் அஷேம்ட்” என்கிறார். வடையில் என்ன பிழை என்று நீங்கள் முகர்ந்து பார்க்கிறீர்கள். இப்படிப் பெரிய பொருளைப் பெறும் தகுதி எனக்கு ஏது என்றுதான் அவர் சொன்னார். மெல்பேர்ணில் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபர்சாத் ஷரீஃபியான் என்ற ஈரானிய மொழியியலாளர் இந்த விஷயங்களை ஆராய்ந்தவர், 2020இல் காலமானார். ஒருவரைப் பாராட்டினால் ஆஸ்திரேலியர் என்ன பதில் சொல்கிறார், ஈரானியர் என்ன சொல்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஆஸ்திரேலியர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். ஈரானியர் தன்னைத் தாழ்த்தி, பாராட்டை ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ, சிலவேளை பாராட்டியவருக்கே திருப்பிவிடுவார். ஆகவே “நல்லாச் செய்திருக்கிறாய்” என்று உங்கள் மேலாளர் சொல்லும்போது “நோ நோ, ஐ டிட் நதிங்” என்று நிற்கும் ஈரானியரை, உண்மையாகவே ஒன்றும் செய்யாதவர் என்று ஆண்டு மதிப்பீட்டில் எழுதிவிடாதீர்கள். உங்களில் சிலர் மேற்பார்வையாளராகவும் இருக்கிறீர்கள்; இந்த வரி அவர்களுக்கு.

எல்லாம் பகிடி இல்லை. 2020 ஜனவரி 8ஆம் திகதி தெஹ்ரானில் இருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 176 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் கனடாவுக்கு வந்துகொண்டிருந்தவர்கள். இந்த நகரத்தில் ஈரானியர் வேலை செய்யும் இடங்களிலெல்லாம் அந்த மாதம் யாரோ ஒருவர் யாரையோ இழந்திருந்தார். துக்கம் கேட்கும்போது அவர்கள் சொல்வது, இதுவே உங்கள் கடைசித் துயரமாக இருக்கட்டும் என்பது. உங்கள் வீட்டு இழவுக்கு வந்த ஈரானியர் ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் சொரோ’ என்று ஏதோ சொன்னதாக நினைவிருந்தால், அது இதுதான். இனி உங்களுக்கு அழும் நாள் வரக்கூடாது என்று சொல்லிப் போயிருக்கிறார்.

சரி, ‘வாங்கோ வாங்கோ’ விஷயம். உபசாரத்தின் இந்த முழு ஏற்பாட்டுக்கும் பாரசீகத்தில் ‘தாரோஃப்’ என்று பெயர். வில்லியம் பீமன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1986இல் வெளியிட்ட நூலில் ஈரானியப் பேச்சில் யார் உயர்வு, யார் தாழ்வு என்பது எப்படி நடத்திக்காட்டப்படுகிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். நடைமுறை இப்படி: கொடுப்பவர் கொடுக்க முன்வர வேண்டும், வாங்குபவர் மறுக்க வேண்டும், கொடுப்பவர் வற்புறுத்த வேண்டும், இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகுதான் உண்மை தெரியும். தெஹ்ரானில் டாக்ஸிக்காரர் ‘காபெல் நதாரே’ என்பார், உங்களுக்கு முன்னால் இந்தக் காசு ஒரு பொருட்டா என்று. அதை நம்பி இறங்கிப்போனால் பின்னாலேயே ஓடிவருவார். உங்கள் சட்டை அழகாக இருக்கிறது என்றால் ‘பிஷ்கெஷ்’, உங்களுக்கே காணிக்கை என்பார். நம் பாளையக்காரர்கள் ஆர்க்காட்டு நவாபுக்குக் கட்டிய பேஷ்குஷ் இந்தச் சொல்தான். அங்கே அது கட்டாய வரி. இங்கே சட்டையை யாரும் கழற்றித் தரப்போவதில்லை.

உள்ளீடற்ற அழைப்புகள் இருப்பது ஈரானியருக்கே தெரியும். தெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் என்ற பழைய ஊரில் ஷா அப்துல் அஸீம் என்ற தர்கா இருக்கிறது. ஒப்புக்கு அழைப்பதை ‘ஷா அப்துல் அஸீம் தாரோஃப்’ என்று அவர்களே நக்கலடிப்பார்கள். எங்கள் வகுப்பில் இளையவர்கள் இந்தச் சடங்கையெல்லாம் அலுத்துக்கொள்வதும் உண்டு. தாரோஃபுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நேரான பதில் சொல்லாமல் நழுவுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்; நம்மிலும் ‘பாப்பம்’ என்ற ஒரு சொல்லால் ஆயுள் முழுவதும் நழுவுகிறவர்கள் இல்லையா? ஆனால் வேலை முடிந்து கதவடியில் “யூ மஸ்ட் கம் டு அவர் ஹவுஸ்” என்பது பெரும்பாலும் விடைபெறும் முறை. நாம் ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பி வராமல் இருக்கிறோமே, அதை யாரும் பொய் என்பதில்லை. உண்மையான அழைப்பை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. அதில் நாள் இருக்கும், நேரம் இருக்கும், விலாசம் வரும், முதல் நாள் போன் வரும், உங்களுக்கு இறைச்சி ஆகுமா ஆகாதா என்ற கேள்வி வரும். இவை ஒன்றும் இல்லாவிட்டால் நன்றி சொல்லி, நீங்களும் வரவேண்டும் என்று திருப்பி அழைத்துவிட்டுப் போங்கள்.

இதன் மறுபக்கத்தில் நீங்கள் செய்யும் கெடுதி ஒன்றும் உண்டு. நீங்கள் தேநீரோ சவாரியோ தர முன்வரும்போது ஈரானியர் ‘நோ, தேங்க்ஸ்’ என்கிறார். உடனே விட்டுவிடுகிறீர்கள். அவர் இரண்டாம் சுற்றுக்குக் காத்திருந்தார். மைனஸ் இருபது குளிரில் பஸ்ஸுக்கு நிற்கப்போகிற மனிதரிடம் இன்னொருதரம் கேட்டால் என்ன? கேட்டபின்னும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கடைசியாக, சில ஈரானியர் ஆங்கிலத்தில் முரட்டுத்தனமாகக் கதைக்கிறார்கள் என்று சொல்கிறீர்களே, அதற்கும் காரணம் இதே மரியாதைதான். “கிவ் மி த கீ” என்று ஒருவர் கேட்டதும் உங்களுக்கு முகம் சிவக்கிறது. அவர் மனத்தில் இருந்தது ‘பெதீத்’, ‘தாருங்கள்’. ‘பெதே’ என்றால் ‘தா’. மரியாதை முழுவதும் வினையின் விகுதியில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு வந்ததும் விகுதியை வைக்க இடமில்லை. ‘ஷொமா’வும் ‘தோ’வும் ஒரே ‘யூ’வாகிவிட்டன, ‘தாருங்கள்’ வெறும் ‘கிவ்’வாகி நிற்கிறது. ‘குட் யூ ப்ளீஸ்’ என்று சுற்றிவளைக்கும் ஆங்கில மரியாதையைக் கற்றுக்கொள்ளக் காலம் எடுக்கும். நம் அப்பாமார் இந்த நாட்டு அலுவலகங்களில் ‘கிவ் மி ஃபோர்ம்’ என்று நின்றதும் ‘தாங்கோ’ என்ற நினைப்போடுதான். கவுண்டருக்கு அப்பால் இருந்தவர்களுக்கு அந்த ‘ங்கோ’ கேட்கவில்லை. இப்போது கவுண்டருக்கு அப்பால் இருப்பது நீங்கள்.

மார்ச் 20 அல்லது 21இல் நவ்ரூஸ் வரும், அவர்களுடைய புத்தாண்டு. பதின்மூன்று நாள் கொண்டாட்டத்தில் வீட்டுக்கு வீடு போய்வருவார்கள். அந்த நாட்களில் வரும் அழைப்பு அநேகமாக மெய்யான அழைப்பு. போனால் அவர்களும் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். வந்தால் திரும்பிப் போவது அங்கே கடமை, அதனால் சித்திரை வருடப்பிறப்புக்கு நீங்கள் கூப்பிட வசதியாகவும் இருக்கும். வெறுங்கையோடு போகவேண்டாம். தட்டை நீட்டினால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்லுங்கள், அவர்கள் கேட்கமாட்டார்கள். பழங்களுக்கு நடுவே முழு வெள்ளரிக்காய்கள் இருக்கும். கறிக்கு வைத்திருக்கிறார்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தோலைச் சீவி, உப்புத் தூவி, பழத்தோடு பழமாகச் சாப்பிடுவது அது.

அன்புடன்,
யங் வீதியின் வடக்குப் பக்கத்தில் இருந்து உங்களில் ஒருவன்